கழுத்தில் கழலை: திருகோணமலையில் என்னிடம் கேட்கப்படும் கேள்விகள்

நான் தாதியாக வேலை செய்து ஓய்வு பெற்றவள். 14 வருடமாக எனக்கும் தைரொயிட், அதாவது கழுத்தின் முன்பக்கத்தில் இருக்கும் சுரப்பியின் வருத்தம் இருக்கிறது. பத்திரகாளி அம்மன் கோயில் வாசலில், மீன் வாங்க நிற்கும் இடத்தில், கலியாண வீட்டுப் பந்தலில் என்று எங்கே கண்டாலும் பெண்கள் என் கையைப் பிடித்து ஒதுக்குப்புறமாகக் கூட்டிப் போவார்கள். சேலைத் தலைப்பையோ முக்காட்டையோ விலக்கி, "மிஸ், இதை ஒருக்கால் பாருங்கோ" என்று கழுத்தைக் காட்டுவார்கள். பெரும்பாலும் அது பல மாதம் மறைத்து வைத்த கழுத்தாக இருக்கும். அவர்கள் கேட்ட கேள்விகளைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன். உங்களுக்கு எவ்வளவு மருந்து என்று நான் எங்கேயும் சொல்லவில்லை. உங்களைப் பரிசோதித்த டொக்டர்தான் அதைச் சொல்ல வேண்டும்.

என் கழுத்தில் இருப்பது தைரொயிட் வீக்கம்தானா?

வீட்டிலேயே ஓரளவு பார்க்கலாம். ஒரு கிளாஸ் தண்ணீர் எடுத்துக்கொண்டு வெளிச்சமான இடத்தில் கண்ணாடி முன் இருங்கள். நாடியைக் கொஞ்சம் மேலே உயர்த்துங்கள். குரல்வளை மேட்டுக்குக் கீழே, இரண்டு காறை எலும்பும் சந்திக்கும் குழிக்கு மேலே இருக்கும் இடத்தைக் கவனித்தபடி ஒரு மிடறு தண்ணீரை விழுங்குங்கள். அந்த வீக்கம் விழுங்கும்போது மேலே ஏறிப் பிறகு கீழே இறங்கினால், அது பெரும்பாலும் தைரொயிட்தான். அந்தச் சுரப்பி மூச்சுக்குழாயோடும் குரல்வளையோடும் ஒட்டியிருக்கிறது. அதனால் குரல்வளை ஏறும்போது அதுவும் சேர்ந்து ஏறும்.

காதுக்குக் கீழே, தாடையோரம், கழுத்தின் பக்கவாட்டில் வரும் கட்டிகள் அப்படி ஏறி இறங்குவதில்லை. அவை வேறு வகை. அவற்றையும் காட்டத்தான் வேண்டும்.

கண்ணாடியில் ஒன்றும் தெரியவில்லை என்பதற்காக ஒன்றும் இல்லை என்று முடிவெடுக்க வேண்டாம். நல்ல நிலையில் இந்தச் சுரப்பி 15 முதல் 25 கிராம்தான் இருக்கும். இரண்டு மடங்கானாலும் கொஞ்சம் சதைப்பிடிப்பான கழுத்தில் வெளியே தெரியாது. சங்கிலி இறுக்குகிறது, சட்டையின் மேல் பொத்தான் பூட்ட முடியவில்லை என்றுதான் பலர் முதலில் உணர்கிறார்கள்.

பெரியவர்கள் இதைக் கண்டமாலை என்கிறார்கள். அதுவும் இதுவும் ஒன்றா?

பேச்சு வழக்கில் இரண்டையும் ஒன்றாகச் சொல்கிறார்கள். ஆனால் பழைய வைத்தியத்தில் கண்டமாலை என்றது மாலை கோத்தது போலக் கழுத்தைச் சுற்றி வரும் கட்டிகளை. காசநோயால் நெறி கட்டுவதும் அதில் அடங்கும். தைரொயிட் வீக்கத்தைக் கழலை என்பதே பொருத்தம். இந்தக் குழப்பத்தால் வரும் தீங்கு சின்னதல்ல. காசநோய்க் கட்டிக்கு ஆறு மாத மருந்து வேண்டும், தைரொயிட்டுக்கு வேண்டியது வேறு. ஒரே பெயரைச் சொல்லி ஒரே மருந்துப் பத்துப் போட்டால் இரண்டுமே மாறாது.

கடற்கரையில் இருக்கிறோம், நாள் தவறாமல் மீன் சாப்பிடுகிறோம். எங்களுக்கு எப்படி அயடீன் குறையும்?

அதிகம் கேட்கப்படுவது இதுதான். தைரொயிட் தன் ஓமோனைச் செய்ய அயடீன் என்ற சத்து வேண்டும், அது குறைந்தால் சுரப்பி வீங்கும். உப்புவெளி என்று ஊருக்கே பெயர், நிலாவெளிப் பக்கம் உப்பளம், சுற்றிவரக் கடல், நமக்கென்ன குறை என்று நினைப்பது இயல்பு. கணக்கைப் பார்ப்போம். ஒரு லீற்றர் கடல் நீரில் ஏறக்குறைய 35 கிராம் உப்பு இருக்கிறது. அதே ஒரு லீற்றரில் இருக்கும் அயடீன் 50, 60 மைக்ரோகிராம்தான். ஒரு நாளைக்கு 5 கிராமுக்கு மேல் உப்பு சேர்க்கக் கூடாது. கடல் நீரில் இருந்த அயடீன் முழுவதும் உப்போடு தங்கியதாக வைத்தாலும், அந்த 5 கிராமில் 7 முதல் 9 மைக்ரோகிராம்தான் வரும். வளர்ந்தவருக்கு நாளொன்றுக்கு வேண்டியது 150 மைக்ரோகிராம், கர்ப்பிணிக்கு 250. பாத்தியில் வெயில் காயும்போது அதிலும் ஒரு பங்கு போய்விடும். ஆகவே கடல் உப்பு என்பதாலேயே அதில் அயடீன் இருக்கிறது என்று ஆகாது. கடற்காற்றும் அந்த அளவைத் தராது.

கடல் மீனிலும் றாலிலும் அயடீன் உண்டு, அது நமக்கு நல்ல பக்கபலம். ஆனால் மீன் வாங்க வசதியில்லாத நாளும், விரத மாதமும், மரக்கறி மட்டும் சாப்பிடும் வீடுகளும் இருக்கின்றன. அதற்காகத்தான் இலங்கையில் 1995 முதல் சாப்பாட்டு உப்பில் அயடீன் சேர்ப்பது சட்டமானது. அதற்கு முன்பு மழை கூடிய தென்மேற்கு மாவட்டங்களில் கழலை மிகப் பரவலாக இருந்தது. பக்கெற்றில் அயடீன் சேர்த்தது என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். உப்பளத்திலிருந்து நேரே கொண்டுவந்து சாக்கில் விற்கும் உப்பைக் கருவாட்டுக்கு வைத்துக்கொள்ளலாம், கறிக்கு வேண்டாம்.

அடுப்படியில் ஒரு விஷயம். கல்லுப்பை அழுக்குப் போகக் கழுவி, கழுவிய தண்ணியை ஊற்றிவிட்டுப் பயன்படுத்தும் பழக்கம் சில வீடுகளில் இருக்கிறது. அயடீன் உப்புக் கல்லின் மேல்தான் படிந்திருக்கிறது. முதல் தண்ணியோடு அது போய்விடும். அடுப்புக்குப் பக்கத்தில் திறந்த சட்டியில் வைத்தாலும் வெக்கையிலும் ஈரத்திலும் குறைந்துகொண்டே போகும். மூடி போட்ட போத்தலில், வெயில் படாமல் வையுங்கள். கறி இறக்கும் நேரத்தில் உப்பைப் போடுங்கள்.

அயடீன் உப்புத்தான் பாவிக்கிறேன். பிறகு ஏன் வந்தது?

கழலை என்பது ஒரு வருத்தத்தின் பெயர் அல்ல, பல வருத்தங்களின் அடையாளம். காய்ச்சல் மாதிரி. காய்ச்சலுக்கு டெங்கும் காரணமாகலாம், சளியும் காரணமாகலாம். அப்படித்தான் இதுவும். இதைத்தான் நான் எல்லாரிடமும் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

அயடீன் போதுமான அளவு கிடைக்கும் இடங்களில் அதிகம் காண்பது ஹஷிமோட்டோ வகை. நம் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தைரொயிட்டை அந்நியமாக நினைத்துத் தாக்குகிறது. ஜப்பானிய சத்திரசிகிச்சை நிபுணர் ஹகாரு ஹஷிமோட்டோ 1912இல் இதை விவரித்தார், அவர் பெயரே நிலைத்துவிட்டது. இதில் சுரப்பி மெல்ல மெல்லச் சோர்ந்து போகும். இதற்கு நேர்மாறானது கிரேவ்ஸ் வகை. அதில் சுரப்பி அளவுக்கு மீறிச் சுரந்து பெருக்கும். இவை தவிர ஒரு கட்டியாகவோ பல கட்டிகளாகவோ வளர்வது உண்டு. வைரஸ் காய்ச்சலுக்குப் பிறகு நோவோடு வீங்குவது உண்டு. பிள்ளை பெற்ற முதல் வருடத்தில் வந்து தானே தணிவதும் உண்டு. பருவமடையும் வயதில் பிள்ளைகளின் கழுத்து கொஞ்சம் பருத்து, பிறகு இறங்குவதும் உண்டு. மனநல வருத்தத்துக்குத் தரும் லித்தியம், இதயத் துடிப்புக்குத் தரும் அமியோடரோன் இரண்டும் தைரொயிட்டைக் குழப்பும். அதற்காக அவற்றை நீங்களாக நிறுத்தக் கூடாது. கொடுத்த டொக்டரிடம் சொல்லுங்கள்.

இது ஆண்களை விடப் பெண்களுக்குப் பல மடங்கு அதிகம். தாய்க்கு இருந்தால் மகளுக்கு வரும் வாய்ப்புக் கூட. ஒட்டுகிற வருத்தம் அல்ல. ஒரே கோப்பையில் தேத்தண்ணி குடித்தால் வரும் என்று பயந்து ஒரு மாமியார் மருமகளுக்குத் தனிக் கோப்பை வைத்ததைப் பார்த்திருக்கிறேன், மனம் நொந்து போனது.

என்ன பரிசோதனை செய்வார்கள்?

முதலில் இரத்தத்தில் ரி.எஸ்.எச், அதாவது தைரொயிட்டைத் தூண்டும் ஓமோன். தேவைப்பட்டால் கூடவே தைரொயிட்டே சுரக்கும் ஓமோனான ஃபிரீ ரி4. இந்த ரி.எஸ்.எச் கூடினால் தைரொயிட் கூடிவிட்டது என்று நினைத்து வருகிறார்கள். உண்மை நேரெதிர். ரி.எஸ்.எச்சைச் சுரப்பது தைரொயிட் அல்ல, மூளையின் அடியில் இருக்கும் கபச் சுரப்பி. கூலியாள் வேலையில் சோர்ந்தால் கங்காணி சத்தத்தைக் கூட்டுவார் அல்லவா? தைரொயிட் குறைவாகச் சுரந்தால் ரி.எஸ்.எச் ஏறும். அளவுக்கு மீறிச் சுரந்தால் கங்காணி வாயை மூடிக்கொள்வார், ரி.எஸ்.எச் இறங்கிவிடும். பல ஆய்வுகூடங்களில் 0.4 முதல் 4 வரை சரியான அளவாகப் போட்டிருப்பார்கள். உங்கள் ரிப்போர்ட்டின் ஓரத்தில் அச்சடித்திருக்கும் அளவோடுதான் ஒப்பிட வேண்டும்.

காரணம் தெளிவாகாவிட்டால் தைரொயிட்டைத் தாக்கும் பிறபொருளெதிரி இரத்தத்தில் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். கட்டி தட்டுப்பட்டால் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன். இந்த இரத்தத்துக்கு வெறும் வயிறு கட்டாயமில்லை. முடி, நகம் வளர என்று பயோட்டின் குளிசை போடுகிறவர்கள் மட்டும் குறைந்தது 2 நாள் முன்பே அதை நிறுத்திவிட்டு இரத்தம் கொடுங்கள். அது ரிப்போர்ட்டைப் பிழையாகக் காட்டும்.

கூடியதா குறைந்ததா என்று உடம்பில் தெரியுமா?

தெரியும், ஆனால் மெல்லத்தான். ஆனி ஆடியில் கச்சான் காற்று வீசுகிற வெக்கையில் வீடே மின்விசிறிக்குக் கீழே கிடக்கும்போது நான் போர்வையைத் தேடினேன். எனக்குச் சுரப்பு குறைந்திருந்தது. அதோடு சேர்ந்து வந்தவை மலச்சிக்கல், காய்ந்த தோல், சீப்பில் சுருட்டும் முடி, கனத்த மாதவிடாய், காலையில் எழும்பும்போதே களைப்பு. வயதாகிறது என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

கூடிச் சுரப்பவர்களுக்கு நெஞ்சு படபடக்கும். நன்றாகச் சாப்பிட்டும் உடம்பு மெலியும், வியர்வை ஊற்றும், சின்ன விஷயத்துக்கும் கோபம் வரும். இரண்டு கையையும் நீட்டி விரல்களின் மேல் ஒரு கடதாசியை வைத்தால் அதன் ஓரம் படபடவென்று நடுங்குவது தெரியும். சிலருக்குக் கண் முன்தள்ளும்.

சுரப்பு சரியாகவே இருந்து வீக்கம் மட்டும் இருப்பவர்களும் நிறையப் பேர்.

புற்றுநோயாக இருக்குமோ?

தைரொயிட் கட்டிகளில் 100க்கு 90க்கும் மேல் புற்றுநோய் அல்ல. புற்றாக இருந்தாலும் அதிகம் வரும் வகை மெதுவாக வளர்வது, நன்றாகச் சிகிச்சைக்கு அடங்குவது. ஸ்கேனில் சந்தேகமான கட்டி என்றால் மெல்லிய ஊசியால் கொஞ்சம் கலங்களை எடுத்துப் பார்ப்பார்கள். இரத்தம் எடுக்கும் ஊசியின் அளவுதான், சில நிமிட வேலை. ஊசி பட்டால் கட்டி பரவிவிடும் என்ற பயத்தில் திரும்பி வந்தவர்களை அறிவேன். தயவுசெய்து அப்படி வராதீர்கள். அந்த ஊசியால்தான் பலர் தேவையில்லாத ஒப்பரேசனிலிருந்து தப்புகிறார்கள்.

தைரொக்சின் குளிசையை எப்படிப் போட வேண்டும்?

தைரொக்சின் என்பது குறைந்த சுரப்பை ஈடுசெய்யத் தரும் ஓமோன் குளிசை. நான் அதிகம் மன்றாடுவது இந்த இடத்தில்தான். குளிசை சரி, அளவு சரி, போடும் முறை பிழை என்பதால் ரி.எஸ்.எச் இறங்காமல் அளவைக் கூட்டிக்கொண்டே போனவர்கள் ஏராளம்.

காலையில் எழும்பியதும் வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரோடு. அதன்பிறகு அரை மணித்தியாலம், முடிந்தால் ஒரு மணித்தியாலம் எதுவும் வேண்டாம். தேத்தண்ணியும் வேண்டாம். பால், கோப்பி, சோயா எல்லாம் மருந்து உடம்பில் சேர்வதைத் தடுக்கும். கல்சியம் குளிசை, இரும்புச்சத்துக் குளிசை, வாய்வுக்குக் குடிக்கும் மருந்து ஆகியவற்றுக்கு 4 மணித்தியால இடைவெளி வேண்டும். எனக்கு இது புத்தகத்தில் தெரியும். தெரிந்தும் காலை வேலைக்கு ஓடும் அவசரத்தில் ஒரு கையில் பால்தேத்தண்ணி, மறு கையில் குளிசை என்று முதல் வருடத்தை வீணாக்கினேன். கட்டில் தலைமாட்டில் இரவே ஒரு கிளாஸ் தண்ணீரும் குளிசையும் மூடி வைக்கத் தொடங்கிய பிறகுதான் ரிப்போர்ட் சரிக்கு வந்தது. மருந்தின் அளவு மாறவே இல்லை.

அளவை மாற்றினால் 6 முதல் 8 கிழமை கழித்துத்தான் மறுபடி இரத்தம் பார்க்க வேண்டும். இந்த மருந்து உடம்பில் பாதியாகக் குறையவே ஏறக்குறைய 7 நாள் பிடிக்கும். அதனால் ஒரு நாள் மறந்துவிட்டால் பதற வேண்டாம், அன்றே நினைவு வரும்போது போடுங்கள். இதே காரணத்தால்தான் இரண்டு கிழமை விட்டாலும் ஒன்றும் தெரியவில்லை என்று பலர் நிறுத்திவிடுகிறார்கள். பிறகு மெல்லப் பழைய நிலைக்கு வந்து சேர்கிறார்கள்.

குளிசை அட்டையில் மைக்ரோகிராம் என்று இருக்கும். 50 மைக்ரோகிராமும் 0.05 மில்லிகிராமும் ஒன்றே. பார்மசியில் வேறு கொம்பனிக் குளிசை தந்தால் இந்த எண்ணைச் சரிபாருங்கள். நம் ஊர் வெக்கையில் ஜன்னல் ஓரத்திலும், சைக்கிள் பெட்டிக்குள்ளும், ஃபிரிட்ஜின் தலையிலும் வைக்காதீர்கள். சூடும் ஈரமும் மருந்தைக் கெடுக்கும்.

நோன்பு காலத்தில் என்ன செய்வது? சஷ்டி விரதத்துக்கு?

கிண்ணியா, மூதூர்ப் பக்கத்துச் சகோதரிகள் ஒவ்வொரு ரமழானுக்கும் முன்பு கேட்பது இது. இரண்டு வழி உண்டு. ஸஹருக்கு அரை மணித்தியாலம் முந்தி எழும்பி, குளிசையைப் போட்டுவிட்டுச் சமையலைப் பாருங்கள். சாப்பாடு சூடாகி வரும்போது நேரம் சரியாக இருக்கும். அல்லது நோன்பு துறந்து, கடைசியாகச் சாப்பிட்டு 3 மணித்தியாலம் கழித்துப் படுக்கும்போது போடுங்கள். எதைத் தேர்ந்தாலும் மாதம் முழுவதும் அதையே பிடியுங்கள். கந்தசஷ்டி பிடிப்பவர்கள் ஒரு மிடறு தண்ணீரோடு குளிசையைப் போடுங்கள். முருகன் அதற்காகக் குறை நினைக்க மாட்டான். கூடிச் சுரப்பதற்கு நாளுக்கு 2, 3 தடவை மருந்து எடுப்பவர்கள் நோன்புக்கு முன்பே டொக்டரிடம் கேட்டு நேரத்தை மாற்றிக்கொள்ள வேண்டும்.

கோவா (முட்டைக்கோஸ்), மரவள்ளி எல்லாம் விட வேண்டுமா?

வேண்டாம். கோவாவைச் சமைத்துச் சாப்பிட்டால் பயமில்லை. மரவள்ளியை உரித்து நிறையத் தண்ணியில் அவித்து, அந்தத் தண்ணியை ஊற்றிவிட்டுச் சாப்பிடுங்கள். அயடீன் கிடைக்காமல் மரவள்ளியையே முழு நேர உணவாகச் சாப்பிடும் இடங்களில்தான் அது கழலையைக் கூட்டுகிறது. விட வேண்டியது புகைதான். கிரேவ்ஸ் வகையில் கண் பாதிப்பைப் புகை மோசமாக்கும்.

உப்பைக் கூடப் போட்டால் வீக்கம் வற்றும் என்பது பிழை, பிரஷர்தான் ஏறும். கடற்பாசிக் குளிசை, அயடீன் துளிகள் என்று விற்பவற்றையும் தொடாதீர்கள். கட்டிகள் உள்ள தைரொயிட்டுக்குத் திடீரென்று அயடீன் கொட்டினால் அது தறிகெட்டுச் சுரக்கத் தொடங்கலாம்.

பரிசாரியாரிடம் பத்துப் போட்டால் கரையுமா? குளிசையால் கரையுமா?

பூச்சு தைரொயிட்டுக்குள் போய்ச் சேராது. வீக்கத்தை எண்ணெய் போட்டு உருவுவது கூடவே கூடாது, கட்டிக்குள் இரத்தம் கசியலாம். குளிசை விஷயத்திலும் உள்ளதைச் சொல்கிறேன். ரி.எஸ்.எச் ஏறியிருப்பவர்களுக்குத் தைரொக்சினால் வீக்கம் ஓரளவு இறங்கலாம். பழைய கட்டிகள் பெரும்பாலும் அப்படியே இருக்கும். சுரப்பு சரியாக இருந்தால் வீக்கத்தைக் கரைக்க என்று தைரொக்சின் தருவதில்லை. இதயத்துக்கும் எலும்புக்கும் கெடுதி. வருடத்துக்கு ஒரு முறை பார்த்துக்கொண்டு விட்டுவிடுவதும் சரியான வைத்தியம்தான்.

கூடிச் சுரப்பதற்குத் தரும் காபிமசோல் ஆபத்தானதா?

பலருக்கு நன்றாக வேலை செய்யும் மருந்து. ஆனால் அரிதாக வெள்ளை அணுக்களை அடியோடு குறைத்துவிடும். காபிமசோல் போடும் காலத்தில் காய்ச்சலோ தொண்டை நோவோ வாய்ப்புண்ணோ வந்தால் அந்த வேளைக் குளிசையை நிறுத்தி, அன்றே வைத்தியசாலைக்குப் போய் "காபிமசோல் போடுகிறேன்" என்று வாய்விட்டுச் சொல்லி இரத்தம் பாருங்கள். பனடோலைப் போட்டுவிட்டு விடியட்டும் என்று இருக்க வேண்டாம்.

எப்போது ஒப்பரேசன்?

மூச்சுக்குழாயையோ உணவுக்குழாயையோ அமுக்கும்போது, புற்றுச் சந்தேகம் இருக்கும்போது, கூடிச் சுரப்பது மருந்துக்கு அடங்காதபோது. சிலருக்கு வீக்கம் நெஞ்செலும்புக்குப் பின்னால் இறங்கியிருக்கும். துணி காயப்போடக் கையை உயர்த்தும்போது முகம் சிவந்து மூச்சு முட்டினால் அதைக் கட்டாயம் டொக்டரிடம் சொல்லுங்கள்.

கோயிலில் தேவாரம் பாடும் ஒரு அக்கா, குரல் போய்விடும் என்று மூன்று வருடம் தள்ளிப்போட்டார். பயத்தில் நியாயம் இருக்கிறது. குரல் நரம்பு இந்தச் சுரப்பியின் பின்னால்தான் ஓடுகிறது. நிரந்தரமாகப் பாதிப்பது குறைவு, ஆனால் இல்லாமல் இல்லை. பாடுகிறவர், படிப்பிக்கிறவர் என்றால் அதை முன்கூட்டியே சத்திரசிகிச்சை நிபுணரிடம் சொல்லுங்கள். ஒப்பரேசனுக்குப் பிறகு உதட்டைச் சுற்றியும் விரல் நுனியிலும் விறுவிறுத்தால் கல்சியம் இறங்கியிருக்கலாம், உடனே தாதியைக் கூப்பிடுங்கள். முழுச் சுரப்பியையும் எடுத்தால் ஆயுள் முழுக்கத் தைரொக்சின். அந்த அக்கா இப்போதும் பாடுகிறார். மேல் ஸ்தாயி திரும்பி வரச் சில மாதம் எடுத்தது.

கலியாணம் பேசும் பெண்ணுக்குக் கழலை. பிள்ளை பிறக்குமா?

பிறக்கும். சுரப்பைச் சரியாக வைத்திருந்தால் இதனால் ஒரு குறையும் இல்லை. மறைத்துக் கட்டி வைப்பதை விட வைத்தியம் செய்து சொல்லிச் செய்வது நல்லது. தைரொக்சின் போடும் பெண் நாள் தள்ளியதும் முதல் வேலையாக மிட்வைஃபுக்கும் டொக்டருக்கும் சொல்ல வேண்டும். கர்ப்ப காலத்தில் தேவை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கூடும். முதல் மூன்று மாதம் குழந்தையின் மூளை வளர்ச்சி தாயின் ஓமோனை நம்பித்தான் நடக்கிறது. அந்த நேரத்தில் குளிசை கூடாது என்று நிறுத்துவதுதான் ஆபத்து. காபிமசோல் போடுகிறவர் பிள்ளைக்கு முயல்வதற்கு முன்பே டொக்டரைக் காண வேண்டும். கூடிச் சுரப்பதை அடக்கத் தரும் கதிரியக்க மருந்தான ரேடியோ அயடீன் எடுத்தவர் குறைந்தது 6 மாதம் பொறுக்க வேண்டும்.

பிள்ளை பிறந்ததும் குதிக்காலில் குத்தி ஒரு துளி இரத்தம் எடுப்பார்கள், அழுகிறதே என்று தடுக்காதீர்கள். பிறவியிலேயே தைரொயிட் குறைந்த பிள்ளையை அந்தத் துளிதான் காட்டிக்கொடுக்கும்.

எப்போது காத்திராமல் ஓட வேண்டும்?

மூச்சு எடுக்கும்போது விசில் போல் சத்தம் வந்தால், படுத்தால் மூச்சு முட்டினால், கட்டி சில கிழமைக்குள் வேகமாகப் பெருத்தால், திடீரென்று நொந்து வீங்கினால். குரல் கரகரப்பு 3 கிழமைக்கு மேல் மாறாவிட்டாலும், சாப்பாடு இறங்கச் சிரமப்பட்டாலும் தாமதிக்க வேண்டாம்.

கிளினிக்குக்கு எப்படிப் போக வேண்டும்?

முதலில் பக்கத்து வைத்தியசாலை ஓ.பி.டி.யில் காட்டுங்கள். அவர்கள் எழுதித் தந்தால் மாவட்டப் பொது வைத்தியசாலைக்குப் போகலாம். அரச வைத்தியசாலையில் இதற்குக் காசில்லை. குச்சவெளியிலிருந்தும் சேருவிலப் பக்கமிருந்தும் பஸ் பிடித்து வருகிறவர்கள் பழைய ரிப்போர்ட் எல்லாவற்றையும், ஸ்கேன் படத்தையும், போடும் குளிசை அட்டைகளையும் ஒரே பையில் கொண்டு வாருங்கள். வெறும் கொப்பியை வைத்துக்கொண்டு "வெள்ளைக் குளிசை" என்று சொன்னால் யாருக்கும் விளங்காது. கழுத்து தெரியும்படி உடுத்துங்கள், சங்கிலியைக் கழற்றி வையுங்கள். இரத்தம் எடுக்கும் நாளில் காலைத் தைரொக்சினை வீட்டில் போடாமல் கையோடு கொண்டு போங்கள். இரத்தம் கொடுத்ததும் குழாயடி வாங்கிலில் இருந்து குளிசையைப் போட்டு, அரை மணித்தியாலம் கழித்துக் கன்ரீனில் தேத்தண்ணி குடிக்கலாம்.